1,386 பிழைகள்: ரெஜிஸ்ட்ரி கிளீனரை நம்பலாமா?

வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வாசகி ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய லேப்டாப் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், தட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க். காலையில் இயக்கினால் வேலைக்குத் தயாராக ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிடிக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் தங்கை மகன் சொன்னதால், விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஒன்றைப் போட்டு, அது காட்டிய எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறார். வேகம் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே ஸ்கேனருக்கான மென்பொருள் திறக்க மறுத்தது. கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ முயன்றால் பாதியில் பிழைச்செய்தி வந்து நின்றுவிடுகிறது.

சென்ற வாரம் விளம்பரத்தைப் பார்த்து வேறொரு கிளீனரை நிறுவியபோது, அது இரண்டே நிமிடத்தில் 1,386 பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, சரிசெய்ய ஓராண்டுச் சந்தா கேட்டிருக்கிறது. கார்டு விவரத்தைக் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டார். பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் முன்பு நடந்தது நினைவுக்கு வர, நிறுத்திவிட்டு எனக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பிழைகள் உண்மையா, நீக்கினால் வேகம் கூடுமா, ஸ்கேனர் நின்றதற்கும் முதல் கிளீனருக்கும் தொடர்பு உண்டா, மாதம் ஒரு முறை ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்கிறார்களே அது சரியா என்று கேட்கிறார். ஐந்து ஆண்டுக் கணக்குகள் அந்தக் கணினியில் இருப்பதால் அவை போய்விடுமோ என்ற பயம் கடிதம் முழுவதும் தெரிகிறது.

அன்புள்ள சகோதரி,

பொத்தானை அழுத்தாமல் நிறுத்தினீர்களே, அது மிக நல்ல முடிவு. இனியும் அழுத்த வேண்டாம். பணம் கட்டியாகிவிட்டதே என்பதற்காக அதைப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெரிய பயத்துக்குப் பதில். நீங்கள் எழுதிய கணக்குகள் ரெஜிஸ்ட்ரியில் இல்லை. கணக்கு மென்பொருள் அவற்றைத் தன் கோப்புறையில் தனிக் கோப்புகளாகச் சேமித்து வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் இருப்பது அந்த மென்பொருள் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது, எந்தப் பதிப்பு, அதன் உரிமத்தைப் பற்றிய குறிப்பு என்பன போன்ற அமைப்பு விவரங்கள் மட்டுமே. ஆகவே ஆறு மாதங்களுக்கு முன் நீங்கள் செய்த சுத்தம் கணக்குகளைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்கு ஆபத்து வருமென்றால் அது வேறொரு திசையிலிருந்து, அதாவது ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரக்கூடும். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் கவலைதான் வந்தது. அதற்கும் வருகிறேன்.

1,386 என்ற எண் எப்படி வந்தது?

விண்டோஸும் அதில் நிறுவப்படும் மென்பொருள்களும் தங்கள் அமைப்பு விவரங்களை எழுதி வைக்கும் தரவுத்தளம்தான் ரெஜிஸ்ட்ரி. முன்பெல்லாம் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு சிறு கோப்பில் இவற்றை எழுதி வைத்துக்கொண்டது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சிறிய அளவில் அறிமுகமான ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் 95இலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான இடமாயிற்று. இன்று சாதாரணமாகப் பயன்பாட்டில் இருக்கும் எந்தக் கணினியிலும் அதில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும்.

கிளீனர் என்ன செய்கிறது? இந்தப் பதிவுகளைப் படித்துக்கொண்டே போய், ஏதாவது ஒரு பதிவு இல்லாத கோப்பைச் சுட்டினால் அதை எண்ணிக்கையில் சேர்க்கிறது. நேற்று நீங்கள் பென் டிரைவில் இருந்த ஒரு பட்டியலைத் திறந்து பார்த்திருப்பீர்கள். 'அண்மையில் திறந்தவை' என்ற வரிசையில் அதன் பெயர் பதிவாகிவிடும். இன்று பென் டிரைவைச் செருகாமல் ஸ்கேன் செய்தால், அந்தக் கோப்பு இல்லை. ஆகவே அது ஒரு பிழை. பென் டிரைவில் பத்துக் கோப்புகளைத் திறந்திருந்தால் பத்துப் பிழைகள். எந்த மென்பொருளோடும் இணைக்கப்படாத கோப்பு வகை ஒன்று, நீங்கள் எப்போதோ நீக்கிய மென்பொருள் விட்டுப்போன பெயர், யாரும் கேட்காத உதவிக் கோப்பின் முகவரி என ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் ஏறிக்கொண்டே போகும். புதிதாக விண்டோஸ் நிறுவிய கணினியில் ஸ்கேன் செய்தாலும் இத்தகைய 'பிழைகள்' வரத்தான் செய்யும். ஒரே கணினியில் இரண்டு நிறுவனங்களின் கிளீனர்களை அடுத்தடுத்து ஓட்டினால் இரண்டும் வெவ்வேறு எண்களைக் காட்டும், ஏனென்றால் எதைப் பிழை என்று எண்ணுவது என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. விற்பவர் வைத்ததுதான் அளவு.

இதில் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பயன்படாத பதிவு வேறு, பிழையான பதிவு வேறு. பயன்படாத பதிவை விண்டோஸ் தேடிப் போவதே இல்லை, ஆகவே அதனால் எந்தத் தொல்லையும் எழுவதில்லை. மாறாக, பார்வைக்கு வெறுமையாகத் தெரியும் பதிவு சில இடங்களில் முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கும். விண்டோஸ் 11இல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் புதிய பட்டியல் பிடிக்காதவர்கள் பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழியைக் கையாள்கிறார்கள்: ரெஜிஸ்ட்ரியில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு பதிவை உருவாக்கி, அதன் மதிப்பை வேண்டுமென்றே காலியாக விட்டுவிடுவார்கள். விண்டோஸ் அங்கே போய்ப் பார்த்து, புதிய பட்டியலுக்கான கோப்பின் பெயர் இல்லாததால் பழைய பட்டியலைக் காட்டும். அங்கே வெறுமைதான் கட்டளை. எதையும் சுட்டாத காலிப் பதிவு என்று மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இதைக் குப்பையிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அந்தப் பதிவை எழுதியவருக்கு மட்டுமே அதன் நோக்கம் தெரியும்.

நீக்கினால் வேகம் கூடுமா?

கூடாது. எத்தனை சதவீதம் என்று கேட்கும் அளவுக்குக்கூடக் கூடாது.

ஒரு மென்பொருள் தனக்கு வேண்டிய விவரத்தை ரெஜிஸ்ட்ரியில் தேடும்போது முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை படித்துக்கொண்டு போவதில்லை. முழு முகவரியைச் சொல்லிக் கேட்கிறது. பெயர்கள் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருப்பதால் சில தாவல்களில் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. அகராதியில் நீங்கள் ஒருநாளும் பார்க்காத ஆயிரம் சொற்களை அடித்துவிட்டாலும், பார்க்க வேண்டிய சொல்லைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் குறையாது அல்லவா? இதுவும் அப்படியே. இடமாவது மிச்சமாகுமா என்றால், 1,386 பதிவுகளும் சராசரியாக 200 பைட் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 300 கிலோபைட்டைத் தாண்டாது. உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே படம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். பதிவை நீக்குவதால் ரெஜிஸ்ட்ரிக் கோப்பு உடனே சுருங்கிவிடுவதும் இல்லை. நீக்கிய இடம் கோப்புக்குள்ளேயே காலியாகக் கிடந்து, அடுத்து வரும் பதிவுக்குப் பயன்படும்.

பின் ஏன் இந்த நம்பிக்கை இவ்வளவு வேரூன்றியிருக்கிறது? அது வெறும் கட்டுக்கதையாகத் தொடங்கவில்லை. விண்டோஸ் 95, 98 காலத்துக் கணினிகளில் ரேம் சில மெகாபைட்களில்தான் இருந்தது. விண்டோஸ் 2000 வரை ரெஜிஸ்ட்ரியின் மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ரெக்கிளீன் என்ற கருவியை வெளியிட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியோடு அந்த உச்சவரம்பு நீங்கிவிட்டது. ரெக்கிளீனையும் மைக்ரோசாஃப்ட் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதோடு நிற்காமல், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் வரும் கோளாறுகளைச் சரிசெய்ய முடியும் என்று உத்தரவாதம் தர இயலாது என்றும், சில சமயம் விண்டோஸையே மறுபடி நிறுவ நேரலாம் என்றும் தன் ஆதரவுக் கொள்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸை உருவாக்கியவர்களே எச்சரிக்கும்போது, மாதம் ஒரு முறை சுத்தம் செய்தாக வேண்டும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

உங்கள் தங்கை மகன் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். கிளீனர் நீக்குபவற்றில் பெரும்பாலானவை எதற்கும் பயன்படாதவை என்பதால் பெரும்பாலான நேரங்களில் எதுவும் கெடுவதில்லை. ஆனால் எதற்கும் பயன்படாததை நீக்கியதால் எந்த நன்மையும் இல்லை என்பதையும் அதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆக, நல்ல நாளில் ஒன்றும் நடப்பதில்லை, கெட்ட நாளில் ஸ்கேனர் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைமீது வருத்தம் வேண்டாம். இதே ஆலோசனையைக் கணினி விற்பவர்களே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும்

இரண்டு கோளாறுகளும் சுத்தம் செய்த சில நாட்களுக்குள் தொடங்கியதால் தொடர்பு இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. உறுதியாகச் சொல்லக் கணினியைப் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் எனக்கு நன்கு பழக்கமானவை. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அதை நிறுவும் நிரல் (இன்ஸ்டாலர்), பழைய பதிப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பிலிருந்து நிறுவப்பட்டது என்று ரெஜிஸ்ட்ரியில் பார்க்கும். முதலில் நிறுவப் பயன்படுத்திய கோப்பை நீங்கள் டவுன்லோட்ஸ் பகுதியிலிருந்து அழித்திருந்தால், அதைச் சுட்டும் பதிவு கிளீனரின் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும். அதை நீக்கிவிட்டால் மென்பொருள் தினசரி ஓடும், புதுப்பிக்கும் நாளில் மட்டும் பாதியில் நிற்கும். ஸ்கேனர் போன்ற கருவிகளின் மென்பொருள்கள் பல துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று ரெஜிஸ்ட்ரி வழியாகத் தேடிக் கண்டுபிடிப்பவை. நடுவில் ஒரு முகவரி காணாமல் போனாலும் திறக்காது.

கிளீனர் நீக்குவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்து வைத்ததாகவும், அதை இப்போது திரும்பப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கோ மறுநாளோ என்றால் போடச் சொல்லியிருப்பேன். ஆறு மாதத்துக்குப் பிறகு வேண்டாம். இடையில் விண்டோஸ் பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கும், சில மென்பொருள்களை நீக்கியிருப்பீர்கள், சிலவற்றைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள். பழைய மதிப்புகள் மொத்தமாகத் திரும்பி வந்தால் இப்போது ஒழுங்காக இருப்பவையும் குழம்பக்கூடும். விண்டோஸ் தானாகவே ஒரு நகல் வைத்திருக்குமே என்றும் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கி நகல் வழக்கத்தில் இல்லை. அதற்கான கோப்புறையைத் திறந்தால் கோப்புகளின் பெயர்கள் இருக்கும், அளவு பூஜ்யமாக இருக்கும். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட்டை எடுத்து வைக்கும் வசதியும் பல கணினிகளில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நேரான வழியே நல்லது. ஸ்கேனர் மென்பொருளை விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள செயலிகள் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பிறகு ஸ்கேனரைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கு உரிய புதிய பதிப்பை இறக்கி நிறுவுங்கள். நிறுவும்போது தனக்கு வேண்டிய பதிவுகளை அது மீண்டும் எழுதிக்கொள்ளும். நீக்கவும் முடியாமல் நிறுவவும் முடியாமல் நின்றால், அதற்கென்றே மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஒரு சரிசெய்கருவி இருக்கிறது: நிறுவுவதையும் நீக்குவதையும் தடுக்கும் சேதமான பதிவுகளை மட்டும் அது கவனிக்கும். கணக்கு மென்பொருளுக்கும் இதே வழிதான், ஆனால் அதில் கைவைப்பதற்கு முன் உரிம எண்ணைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாடிக்கையாளர் சேவையிடம் மறுபடி நிறுவப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கணக்குகளின் நகல் பத்திரமாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

அந்த மென்பொருளே பாதுகாப்பானதா?

நீங்கள் பெயர் குறிப்பிட்டிருந்த மென்பொருளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பொதுவாக இந்த வகை மென்பொருள் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரியை மாற்றுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். அதாவது கணினியில் எதை வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரத்தை அதற்குத் தருகிறீர்கள். கணினி இயங்கும்போதெல்லாம் தானும் பின்னணியில் ஓடும்படி தன்னை அமைத்துக்கொள்வதும் இவற்றின் வழக்கம், வேகத்துக்காகப் போட்ட மென்பொருளே அதைக் குறைக்கும் அளவுக்கு.

நேர்மையான நிறுவனத்தின் மென்பொருளுக்கும் இந்த அதிகாரம் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு 2017இல் நடந்தது சான்று. உலகெங்கும் பலர் பயன்படுத்தும் சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்பில், அதைத் தயாரித்தவர்களுக்கே தெரியாமல் வெளியார் தீய நிரலைச் செருகிவிட்டார்கள். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை அதிகாரபூர்வமான இடத்திலிருந்தே அது விநியோகமாகி, சுமார் 22.7 லட்சம் கணினிகளில் நிறுவப்பட்டது. மற்றொரு பக்கம், வேண்டுமென்றே பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அலுவலகப் பொருள்கள் விற்கும் கடைச் சங்கிலியான ஆபீஸ் டிப்போவும் தொழில்நுட்ப உதவி தரும் சப்போர்ட்.காம் நிறுவனமும் நடத்திய இலவசப் பரிசோதனை பற்றி அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கை இங்கே சொல்ல வேண்டும். பரிசோதனையின் தொடக்கத்தில் 'கணினி மெதுவாகிவிட்டதா' என்பது போன்ற நான்கு கேள்விகள் கேட்கப்படும். அவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று குறித்தாலே, ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும், தீய நிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து 3.5 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டன. இலவசமாகப் பிழைகளைக் காட்டிப் பயமுறுத்தி, சரிசெய்யப் பணம் கேட்கும் மென்பொருள்களைத் தேவையற்றவை என்று வகைப்படுத்தி நீக்கும் நடைமுறையை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் 2018 மார்ச் 1 முதல் பின்பற்றுகிறது. சிவப்பு எழுத்து, 'ஆபத்து' என்ற சொல், ஓடிக்கொண்டே குறையும் சலுகை நேரம், இவை மூன்றும் உங்கள் திரையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விற்பனைக்காகச் செய்த ஏற்பாடாகவே எனக்கு இது படுகிறது.

ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நச்சு மென்பொருள் ஒன்று ஒவ்வொரு முறையும் தானாகத் தொடங்கும்படி அங்கே எழுதி வைத்திருந்தால் அதை நீக்கத்தான் வேண்டும். பாதியில் கெட்டுப்போன நிறுவலைச் சரிசெய்யவும் சில சமயம் தேவைப்படும். ஆனால் அவை எந்தப் பதிவு, எதற்காக என்று தெரிந்து, அதை மட்டும் நகல் எடுத்து வைத்துவிட்டுச் செய்யும் வேலைகள்.

ஐந்து நிமிடத் தாமதம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் நான் முன்பு சொன்ன கவலை. 'சில நாட்களாகக் கோப்பைத் திறக்கும்போது உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சற்று நேரம் உறைந்து நின்று பிறகு திறக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். படிக்க முடியாத இடத்தை அது மீண்டும் மீண்டும் படிக்க முயல்வதுதான் அந்தத் தயக்கம். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ரெஜிஸ்ட்ரி சுத்தம், டிஸ்க் முழுவதையும் துழாவும் ஸ்கேன், சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் (டீஃப்ராக்) வேலை எதையும் செய்யாதீர்கள். அவை அதற்கு மேலும் சுமை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது கணக்குகளை நகல் எடுப்பதுதான். கணக்கு மென்பொருளிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்தி வெளி டிரைவ் ஒன்றில் ஒரு நகலும், முடிந்தால் இணையச் சேமிப்பிடத்தில் இன்னொரு நகலும் எடுங்கள். எடுத்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பிறருடைய கணக்குகளை வைத்திருக்கக் கூடாது.

அதன்பின் தாமதத்துக்கான காரணத்தை நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தொடங்கியவுடன் அதில் டிஸ்க் என்ற நெடுவரிசை 100 சதவீதத்தில் நெடுநேரம் நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியில் நிற்கும் என்றே நினைக்கிறேன். தட்டு சுழலும் டிஸ்க்கின் முள், நொடிக்குச் சுமார் 100 வெவ்வேறு இடங்களுக்குத்தான் போய்ப் படிக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால் அந்த வரிசையில் எல்லாம் காத்து நிற்கின்றன. எஸ்எஸ்டி என்ற புதிய வகை டிஸ்க்கில் சுழலும் பாகமே இல்லை. சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும். உங்கள் நிலையில் வேகத்துக்காக முதலில் செலவு செய்யத் தகுந்தது எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான், டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் அது தவிர்க்கவே முடியாததும்கூட. அடுத்தது ரேம். 4 ஜிபியில் கணக்கு மென்பொருளையும் பிரௌசரையும் ஒருசேரத் திறந்தால் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். அதனால் டிஸ்க்கின் சுமை இன்னும் ஏறும். உங்கள் மாடலில் ரேமைக் கூட்ட முடியுமென்றால் 8 ஜிபியாக ஆக்குங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குப் போனால் கணினியோடு சேர்ந்து தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் கிடைக்கும். இரண்டு கிளீனர்களும் அங்கே இருக்கும். இரண்டையும் செட்டிங்ஸ் வழியாக முழுமையாக நீக்கிவிடுங்கள். தேவையில்லாத மற்றவற்றை அங்கேயே முடக்கி வைத்தால் போதும், தேவைப்பட்டால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். தற்காலிகக் கோப்புகளை அழிக்க விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி இருக்கிறது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டாம்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பிறருடைய நிதி விவரங்களைக் கையாளும் நீங்கள் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் தொடர்ந்து வேலை செய்வது சரியாக இருக்காது. எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யும் முன், உங்கள் லேப்டாப்பின் புராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுகின்றனவா என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் கருவியில் சரிபாருங்கள். தகுதி பெறாவிட்டால் அந்தச் செலவைப் புதிய கணினியை நோக்கித் திருப்புவது நல்லது.

கட்டிய சந்தா

பணம் கட்டியும் நீங்கள் அந்தச் சேவையை இன்னும் பயன்படுத்தவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் பணம் திரும்பப் பெறும் கால எல்லை குறிப்பிடப்பட்டிருக்கும். அதற்குள், தொலைபேசியில் பேசாமல் எழுத்து வடிவில், சந்தாவை ரத்து செய்வதாகவும் பணத்தைத் திருப்பித் தருமாறும் கேளுங்கள். ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டதற்கான பதிலைக் கேட்டு வாங்குங்கள். 1,386 பிழைகள் என்று காட்டிய திரையைப் படமெடுத்து வைத்துவிட்டு மென்பொருளை நீக்குங்கள். நீக்கிவிட்டால் அந்த ஆதாரம் திரும்பக் கிடைக்காது. மென்பொருளை நீக்குவதால் சந்தா ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, கார்டு வழங்கிய வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை ஆட்சேபித்து விண்ணப்பியுங்கள். அதற்கும் கால வரம்பு இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

ரத்து செய்யும்போது உதவியாளர் ஒருவர் அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து பார்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லக்கூடும். பணத்தைத் திருப்பி அனுப்ப அது அவசியம் என்றுகூடச் சொல்வார்கள். எந்தக் காரணம் சொன்னாலும் அந்த அனுமதியைத் தராதீர்கள். பணம் வந்த வழியிலேயே திரும்பச் செல்ல உங்கள் திரையை யாரும் பார்க்க வேண்டியதில்லை.